தூணோரம் நிற்பவளும் முற்றத்து வெளிச்சமும்

ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குக்கூடப் போயிராத தமிழர்களுக்கும் ஓவியர் எஸ். இளையராஜாவின் பெண்களைத் தெரியும். ஆனந்த விகடன் பக்கங்களில் பார்த்திருப்பார்கள். கைபேசியில் யாரோ அனுப்பி வந்திருக்கும். தோழி ஒருத்தியின் முகநூல் முகப்புப் படமாக இருந்திருக்கும். ஓட்டு வீட்டின் உள்ளறை. மரத்தூண், கதவு நிலை, சன்னல் கம்பி. காரை பூசிய சுவரில் காலம் பதித்த கறைகள். நூல்சேலையோ பாவாடை தாவணியோ உடுத்திய கறுத்த பெண் ஒருத்தி. எங்கோ பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் அவள் கன்னத்தையும் தோளையும் சேலை விளிம்பையும் தொட்டுவிட்டு, மீதியை நிழலுக்கே விட்டுவிடுகிறது. புகைப்படமா ஓவியமா என்று கேட்காதவர் குறைவு.

கும்பகோணம் பக்கத்துச் சிற்றூரில் 1979இல் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர் இளையராஜா. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அந்த வாரம் முழுவதும் அவர் வரைந்த பெண்கள் இணையத்தில் ஊர்வலம் போனார்கள். எங்கள் கல்லூரி மாணவிகளின் கைபேசிகளிலும் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பலருக்கு அவர்கள் அப்பத்தாவாக, அத்தையாக, தாங்களே ஆகத் தெரிந்தார்கள்.

இந்தப் பெண்கள் நிற்கிற அறையைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் எண்ணத் தொடங்கியது அப்போதிருந்துதான். அவர்களுடைய அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவர்கள் நிற்கிற இடம் எது? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அது வருகிற வழியாக அவர்கள் வெளியே போக முடியுமா? என் கேள்விகள் இவ்வளவுதான்.

முதலில் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். ரவிவர்மாவின் பெண்களும், அவர் வழியில் கோவில்பட்டியிலிருந்து நாட்காட்டிகளில் ஏறி வீடுவீடாக வந்த தெய்வப் பெண்களும் வெளுத்த மேனியர். இலட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் அந்த நிறமே வாய்த்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் நம் சுவர்களில் தொங்கிய அழகுக்கு நம் நிறம் இல்லை. இளையராஜா கறுப்பை வரைந்தார். கறுப்புத் தோலில் வெளிச்சம் எப்படித் தங்குகிறது, எண்ணெய் வைத்த தலையில் எப்படி வழுக்குகிறது, வியர்த்த கழுத்தில் எப்படி மினுங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தவரால்தான் அப்படி வரைய முடியும். "நானும் இப்படித்தான் இருக்கேன்" என்று ஒரு மாணவியால் ஓர் ஓவியத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்ததென்றால் அது சின்ன காரியமில்லை. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதைப் பேச எனக்கு உரிமை.

மங்கலில் உட்கார்ந்திருப்பவள்

வீட்டின் உள்ளறையும் அதில் நுழையும் வெளிச்சமும் ஓவியருக்குப் பெரிய சவால். வெட்டவெளியில் வெயில் எல்லாவற்றின்மீதும் விழுகிறது. அறைக்குள் வெளிச்சம் தேர்ந்தெடுக்கிறது. எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று சுவரும் கதவும் சன்னலும் முடிவு செய்கின்றன. ஆகவே உள்ளறை ஓவியம் எதுவாயினும் அது ஒரு வீட்டின் சட்டதிட்டத்தைப் பற்றிய ஓவியமாகவும் ஆகிவிடுகிறது.

பிரான்சில் 1870களில் ஓவியர்கள் சிலர் வெளிச்சத்தையே பொருளாக்கி வரைந்தார்கள். பொருள்களின் கோட்டுருவத்தைத் தளர்த்தி, ஒரு கணத்தில் கண்ணில் பதிகிற ஒளியை மட்டும் பிடிக்க முயன்றார்கள். இம்ப்ரஷனிஸ்டுகள் என்று கேலியாக வைத்த பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. மனப்பதிவியலார் என்று தமிழில் சொல்கிறோம். வயல், ஆறு, ரயில் நிலையம் என்று வெளியே வரைந்த க்ளோத் மோனே, 1875இல் அர்ஜான்தேய் ஊரில் தாம் குடியிருந்த வீட்டின் உள்ளே திரும்பிப் பார்த்து ஒரு படம் வரைந்தார். 'வீட்டின் ஒரு மூலை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தின் முன்புறம் இருபக்கமும் திரைச்சீலை. அதையொட்டித் தொட்டிச் செடிகள். அவற்றினூடே நாம் ஒரு நீல இருட்டுக்குள் பார்க்கிறோம். நடுவில் மரத்தரைமேல் ஒரு சிறுவன் நம்மைப் பார்த்து நிற்கிறான். மோனேயின் மகன் ழான். மேலே தொங்கும் விளக்கு. ஆழத்தில் ஒரு சன்னல். அதன் வெளிச்சம் தரையில் வழிந்து சிறுவனை நோக்கி வருகிறது. இவ்வளவும் பார்த்த பிறகு, சற்றுப் பொறுத்துக் கண் பழகியபின், பின்னால் மேசையோரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது தெரியும். மோனேயின் மனைவி காமீல். முகம் இல்லை. ஒரு கறுப்பு உருவம், அவ்வளவே. நாற்காலிக்கும் சுவருக்கும் அவளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1879இல், முப்பத்திரண்டு வயதில், காமீல் இறந்துபோனார்.

மோனே அவளை இழிவுபடுத்தினார் என்று நான் சொல்லவரவில்லை. கண் கண்டதை வரைந்தார். சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் கறுத்துத் தெரிவது இயற்கை. ஆனால் அந்த மாலையில் அந்த வீட்டில் நடுத்தரையில் யார் நிற்பது, மூலையில் யார் உட்கார்வது என்பது இயற்கை செய்ததில்லை. எட்டு வயது ஆண்பிள்ளை வீட்டின் நடுவில் நிற்கிறான், தாய் வீட்டின் மரச்சாமான்களோடு சேர்ந்துவிடுகிறாள். வெளிச்சம் அந்த ஏற்பாட்டைப் பொய்யில்லாமல் பதிவு செய்திருக்கிறது.

அதே காலத்தில், அதே குழுவில், ஒரு பெண் வரைந்துகொண்டிருந்தார். பெர்த் மொரிஸோ. 1874இல் நடந்த அக்குழுவின் முதல் கண்காட்சியிலேயே பங்கேற்றவர். அங்கே அவர் வைத்த படங்களுள் ஒன்று 1872இல் வரைந்த 'தொட்டில்'. தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. பக்கத்தில் தாய், கன்னத்தில் கையூன்றிக் குழந்தையைப் பார்க்கிறாள். தொட்டிலின்மேல் மெல்லிய வலைத்துணி. அதைத் தாய் நம் பக்கமாக இழுத்துவிட்டிருக்கிறாள். குழந்தை நமக்கு அந்தத் துணியினூடே மங்கலாகத்தான் தெரிகிறது.

தாயாக இருப்பவர் மொரிஸோவின் அக்கா எட்மா. அக்காவும் தங்கையும் ஒன்றாக ஓவியம் பயின்றவர்கள். எட்மா 1869இல் திருமணம் செய்துகொண்டார். அத்தோடு அவருடைய தூரிகை நின்றது. இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்தப் படம் தாய்மையின் இனிய காட்சியாக மட்டும் இருப்பதில்லை. வரைந்துகொண்டிருந்த ஒருத்தி, வரைவதை நிறுத்திய ஒருத்தியை வரைந்திருக்கிறாள். அந்த முகத்தில் அன்பும் இருக்கிறது, அயர்ச்சியும் இருக்கிறது, எங்கோ தொலைதூரத்து நினைவும் இருக்கிறது. மூன்றையும் பிரித்தெடுக்க என்னால் முடிந்ததில்லை.

பெண் வரைந்தால் வெளிச்சம் மாறிவிடுமா? மாறியிருக்கிறது. மோனேயின் அறையில் நாம் வாசலில் நின்று ஆழத்துக்குள் பார்க்கிறோம். மொரிஸோவின் அறையில் ஆழமே இல்லை. தொட்டிலுக்கு எதிரே முழங்கால் இடிக்கும் தொலைவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கலை வரலாற்றாசிரியர் கிரிசெல்டா பொல்லாக் 1988இல் வெளியான 'பார்வையும் வேறுபாடும்' என்ற நூலில் இதைத்தான் கவனித்தார். ஆண் ஓவியர்களுக்கு பாரிஸின் மதுக்கூடங்களும் நாடக மேடையின் பின்புறமும் இரவுத் தெருக்களும் திறந்திருந்தன. மொரிஸோவுக்கும் மேரி கஸாட்டுக்கும் கூடம், படுக்கையறை, மாடி முகப்பு, தோட்டம் இவையே கிடைத்தன. அந்த நெருக்கடி அவர்கள் படங்களின் கட்டமைப்புக்குள்ளேயே புகுந்துவிட்டது என்றார் பொல்லாக். பாரிஸின் அரசு கவின்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். வீட்டின் உள்ளறை அவர்களுக்கு ரசனையால் வந்த பொருள் மட்டுமில்லை, வேறு இடம் இல்லாததால் வந்த பொருளும்கூட.

நம் ஊர் வீட்டின் வெளிச்சக் கணக்கு

பாரிஸிலிருந்து திரும்பிவிடலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்கே இராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, மேலைச்சிவபுரி என்று நகரத்தார் ஊர்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஆண்களின் பணத்தில் எழுந்த பெரிய வீடுகள். பர்மாத் தேக்கில் தூண்கள். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்துப் பளிங்குபோல் மினுங்கும் சுவர்ப்பூச்சு. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முன்னால் நின்று பார்த்தால் நிலைக்குள் நிலையாகப் பின்வாசல்வரை கண் போகும். இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். ஒவ்வொரு வெளிச்சமும் ஒரு முற்றம்.

இந்தக் கட்டடக்கலை வெயிலை அறிந்தவர்களின் கலை. கடும் வெயில் நாட்டில் சூரியனை நேராக உள்ளே விடக் கூடாது. வெயில் முற்றத்தில் விழுந்து, தரையிலும் சுவரிலும் பட்டுத் தெறித்து, தன் சூட்டை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுத் தளர்ந்த ஒளியாகத்தான் தாழ்வாரத்துக்கு வரும். தாழ்வாரம் தாண்டி அறைக்குள் நுழையும்போது அது இன்னும் தளர்ந்திருக்கும். இளையராஜாவின் ஓவியங்களில் நாம் மயங்குகிற பக்கவாட்டு வெளிச்சம் இந்த வகைதான். காவிரிக்கரை ஓட்டு வீடானாலும் செட்டிநாட்டுப் பெருவீடானாலும் முற்றம் வைத்த வீட்டின் இலக்கணம் ஒன்றே.

அந்த இலக்கணத்தில் யாருக்கு எந்த வெளிச்சம்? முகப்பும் திண்ணையும் ஆண்களுக்கு. கணக்கு, வழக்கு, வந்தவர் போனவர் எல்லாம் அங்கே. தெருவின் முழு வெளிச்சம். அடுத்தது வளவு. சடங்குகளும் விருந்துகளும் நடக்கிற பெரிய முற்றம். அடுத்து இரண்டாங்கட்டு, அடுத்து அடுப்படி, பின்கட்டு. பெண்களின் பகல் பெரும்பாலும் இங்கே கழிந்தது. மாதவிலக்கு நாட்களில் இன்னும் பின்னால். கணவனை இழந்தவள் முகப்புப் பக்கம் வருவது குறைந்துபோகும். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர் கண்ணில் படக் கூடாது என்று அவளே ஒதுங்கிக்கொள்வாள். ஆண் முன்வாசலுக்கு வெளியே கடல்தாண்டி இரங்கூன் வரை போனான். பெண் அதே நேர்கோட்டில் பின்னால், பின்னால் என்று போனாள்.

பின்வாசல் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தது. அது வேறு பெண்களுக்கான வாசல். நெல் குற்ற வந்தவர்கள், சாணம் தட்ட வந்தவர்கள், மாட்டுக்கொட்டகை கூட்டியவர்கள், இவர்களுக்கு முகப்பும் இல்லை, வளவும் இல்லை. உழைத்த சாதிப் பெண்களுக்கு உள்ளறை என்பதே வாய்க்கவில்லை. அவர்கள் வெளிச்சத்தில்தான் இருந்தார்கள். வயலின் உச்சி வெயிலில், கல்குவாரியின் கானலில். வீட்டுக்குள் அடைபட்டவளின் துயரத்தைப் பேசுகிறபோது, அடைய ஒரு வீடும் இல்லாதவளை மறந்துவிட்டால் நம் பெண்ணியம் வளவோடு நின்றுவிடும்.

வாயில் மறுத்தவள்

தமிழ் வகுப்பில் ஒரு சொல்லாராய்ச்சியை அடிக்கடி செய்வேன். மனையிலிருந்து மனைவி வந்தாள். அதே மனையிலிருந்து ஆணுக்கு ஒரு சொல் வரவில்லை. இல்லிலிருந்து இல்லாள் வந்தாள். இல்லான் என்றால் வீட்டுக்குரியவன் என்று பொருள் இல்லை, கையில் ஒன்றும் இல்லாதவன். மொழியே பெண்ணை வீட்டோடு சேர்த்துப் பூசிவைத்திருக்கிறது, மோனே காமீலைச் சுவரோடு சேர்த்துப் பூசியதைப்போல.

அகப்பாடல்களுக்கும் ஒரு கட்டடம் உண்டு. தலைவியின் காதல் வெளியே தெரியத் தொடங்கியதும் அவளை வீட்டுக்குள் அடைக்கிறார்கள். அதற்கு இற்செறிப்பு என்று இலக்கணப் பெயரே இருக்கிறது. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். அவன் வரும்வரை வீட்டில் இருப்பது. இவையெல்லாம் அடைப்பின் சொற்கள். ஆனால் அதே மரபில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: வாயில் மறுத்தல். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவன் நேரே வீட்டுக்குள் நுழைய முடியாது. தூதாகப் பாணனை அனுப்ப வேண்டும், தோழியைக் கெஞ்ச வேண்டும். இப்படி இடையில் நிற்கிறவர்களுக்கே 'வாயில்கள்' என்று பெயர். தலைவி நினைத்தால் திறப்பாள், நினைத்தால் மறுப்பாள். கடைசியில் பெரும்பாலும் திறந்துவிடுவாள் என்பது உண்மைதான். மரபு அவளுக்கு வைத்த எல்லை அது. என்றாலும் கொஞ்ச நேரமாவது வாசல் அவள் கையில் இருந்தது. அவன் தெருவில் நின்றான்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இளையராஜாவின் பெண்களிடம் திரும்பிப் போகிறேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறாள். அவள் யாரை எதிர்பார்க்கிறாள்? யாரை மறுக்கிறாள்? படம் சொல்வதில்லை. கதவு அவளுக்குச் சட்டகம் ஆகிவிட்டது. புகைப்படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டதுபோல வாசல் அவள் அழகைச் சுற்றி நிற்கிறது. வாயில் மறுத்தவளின் கதவு ஒரு செயல். இவளுடைய கதவு ஒரு பின்னணி.

வெளிச்சத்தைப் பாருங்கள். அது அவள் வேலையின்மேல் விழுவது குறைவு, அவள்மேல் விழுவதே மிகுதி. அடுப்படியில் நின்றாலும் கரி அவள் கையில் ஏறுவதில்லை. புகை கண்ணை எரிப்பதில்லை. விறகடுப்புப் புகை நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது நம் அம்மாக்களின் இருமலில் நமக்குத் தெரியும். ஓவியத்தில் அதே புகை வெளிச்சக் கீற்றைக் காட்டுகிற மெல்லிய திரையாகிவிடுகிறது. ஒரு பெண்ணின் உழைப்பிடம் பார்க்கிறவரின் இளைப்பாறும் இடமாக மாறுவது இந்தப் புள்ளியில்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஓவியங்கள் பெருவாரியாகப் பிடித்துப்போன காலமும் அந்த வீடுகள் இடிபட்ட காலமும் ஒன்றே. தூண்களும் நிலைகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து நகரத்து விடுதிகளுக்கும் மாளிகைகளுக்கும் போயின. கழற்றிய தூணோடு அதில் சாய்ந்து நின்ற பெண்ணும் நமக்கு ஏக்கப் பொருளாகிவிட்டாள். பழைய வீட்டுக்காக ஏங்குகிறவர்கள் அந்த வீட்டின் எந்தக் கட்டில் இருந்தார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முகப்பில் இருந்தவர்களின் ஏக்கமும் அடுப்படியில் இருந்தவர்களின் நினைவும் ஒன்றாக இருக்காது.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

வெளிச்சத்தில் நிறுத்தப்பட்ட பெண்களும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. சித்தன்னவாசல் குடைவரை மேற்கு நோக்கியது. அதன் முன்மண்டபத் தூண்களில், ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி, ஆடல் மகளிர் இருவர் இன்னும் மங்கலாகத் தெரிகிறார்கள். உள்ளறையின் இருட்டில் அருகர்கள் அமர்ந்திருக்க, வெளிச்சம் முதலில் தொடுகிற தூண்களில் ஆடும் பெண்கள். அழகான கோடுகள், சந்தேகமில்லை. ஆனால் வெளிச்சம் கிடைத்துவிட்டால் விடுதலை கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் அவர்கள் சொல்கிறார்கள். வீட்டுப் பெண்ணை இருட்டில் வைத்த சமூகமே வேறு சில பெண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளிச்சத்தில் நிறுத்தியது. இரண்டும் ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகள்.

அந்த இரண்டு அறைகளையும் அறிந்த ஒருவர் இந்த ஊரில் 1886இல் பிறந்தார். முத்துலட்சுமி. தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தவர். தந்தை நாராயணசாமி ஐயர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி ஆண்களின் கல்லூரியாக இருந்தபோது, எதிர்ப்புகளை மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியோடு அங்கே சேர்ந்த முதல் பெண் அவர். மூடுவண்டியில் கல்லூரிக்குப் போனார். ஆண் மாணவர்கள் கண்ணில் படாதபடி வகுப்பறையில் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டார்.

அந்த வகுப்பறையை யாராவது வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உயர்ந்த சன்னல்கள். வெளிச்சம் பெஞ்சுகளில், தலைப்பாகைகளில், கரும்பலகையில். ஓரத்தில் ஒரு திரை. மோனே வரைந்திருந்தால் திரைக்கு அப்பால் ஒரு நிழல் மட்டும் தெரியும். இளையராஜா வரைந்திருந்தால் திரைத்துணியின் ஒவ்வொரு இழையும் மின்னும், அதன் ஓரத்தில் ஒரு கண் தெரியும். திரைக்கு உட்பக்கம் உட்கார்ந்து வரைய ஒருவர் இருந்திருந்தால்தான் அவள் மடியில் இருந்த நோட்டுப் புத்தகம் தெரியும். அவள் எழுதிக்கொண்டிருந்தது தெரியும்.

திரைக்குப் பின்னால் எழுதியவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகித் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அங்கே வாதாடினார். அந்தப் போராட்டத்தில் அந்தச் சமூகத்துப் பெண்களின் கலையும் வாழ்வும் என்ன ஆயின என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். எனக்கு இங்கே முக்கியமானது ஒன்றுதான்: இருட்டில் உட்காரவைத்தவர்களுக்கு அவள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

படிக்க முடியாத வெளிச்சம்

கவிதை வகுப்பில் சில சமயம் ஓவியங்களையும் காட்டிப் பேசச் சொல்வேன். ஒருமுறை இளையராஜாவின் உள்ளறைப் படம் ஒன்றைச் சுவரில் போட்டுக் காட்டினோம். வழக்கம்போல அழகு, மண்வாசனை, பாரம்பரியம் என்று சொற்கள் வந்தன. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். அவள் வீடு அரசுத் தொகுப்பு வீடு, ஒரே அறை, ஆறு பேர். "வெளிச்சம் ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா அந்த ரூம்ல உக்காந்து படிக்க முடியாது" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த ஓவியங்களைப் பற்றி நான் கேட்ட மிகக் கூர்மையான விமர்சனம் அது. இருக்கிற வெளிச்சம் அவளைப் பார்ப்பதற்குப் போதும். அவள் ஒன்றைப் பார்ப்பதற்குப் போதாது. பார்க்கப்படுகிறவளுக்கான வெளிச்சமும் பார்க்கிறவளுக்கான வெளிச்சமும் வேறு வேறு. ஓர் அறையை யாருக்காகக் கட்டினார்கள் என்று தெரிய வேண்டுமானால் அங்கே ஒரு பெண் எந்த இடத்தில் புத்தகம் பிடிக்க முடியும் என்று பார்த்தால் போதும்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' படித்தவர்களுக்கு அந்த இராஜஸ்தான் வீடு நினைவிருக்கும். பெரிய வீடு, ஓரத்தில் ஒட்டவைத்ததுபோல் சமையலறை, சன்னலுக்கு வெளியே பச்சை மலை. மருமகள் மீனாட்சி சமையலறையை ஒட்டிய வராந்தாவை விரிவாக்கலாம், துணிக்கொடியை மாற்றிக் கட்டலாம், பெண்கள் மலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம் என்கிறாள். சில நாளில் அந்த வராந்தாவின் குறுக்கே கயிறுகள் கட்டப்படுகின்றன. துவைத்த துணிகள் தொங்குகின்றன. மலை மறைந்துவிடுகிறது. கட்டடத்தையும் வெளிச்சத்தையும் பெண்ணின் பார்வையையும் பற்றித் தமிழில் இதைவிட நுட்பமான காட்சி எனக்குத் தெரியாது. அம்பை அந்தச் சமையலறையை வாசலில் நின்று பார்க்கவில்லை. உள்ளே நின்று சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பார்வையின் திசை திரும்பியதும் துணிக்கயிறு ஓர் அதிகாரமாகத் தெரிந்துவிட்டது.

திசை திரும்பிய இன்னொரு காலம் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாத பெண்கள் வேலை முடிந்த இரவுகளில் விளக்கடியில் கூடி எழுதப் படித்தார்கள். இயக்கம் அவர்களைச் சைக்கிள் ஓட்டவும் பழக்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் உடைத்தவர்கள், வயலில் நட்டவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் ஏறினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் இந்த மாவட்டத்தில் சைக்கிள் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். நான் அப்போது பள்ளிச் சிறுமி. எங்கள் தெருவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆண்களின் உயரமான சைக்கிளில், பின்னால் பிள்ளையை உட்காரவைத்து, ஓர் அக்கா உச்சிவெயிலில் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. வியர்த்திருந்தாள். கூசும் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனாள். அழகாக நிற்க அவளுக்கு நேரமில்லை.

அந்த அக்காவை யாரும் வரையவில்லை. தூணோரம் நின்றவளை வரைந்தார்கள். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரிகள், ஒரே நிறத்தினர், பல நேரங்களில் ஒரே பெண்ணும்கூட. இரவு அடுப்படியில் நின்றவள்தான் காலையில் சைக்கிள் ஏறினாள். ஒருத்தியின் நாளில் எந்தக் கணத்தை ஓவியமாக்கத் தகுந்தது என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆகவே இந்த ஓவியங்களை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கைபேசியில் இருப்பதை அழிக்கவும் வேண்டாம். அடுத்தமுறை ஓர் உள்ளறை ஓவியத்தைப் பார்க்கும்போது, அது மோனே வரைந்ததாக இருந்தாலும், மொரிஸோ வரைந்ததாக இருந்தாலும், இளையராஜா வரைந்ததாக இருந்தாலும், முகத்திலிருந்து கண்ணை எடுத்துச் சுவர்களைப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? அந்தப் பக்கம் வாசலா, சன்னலா? வாசலானால் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? அவள் கையில் இருப்பது அவளுடையதா? அவள் நகர்ந்தால் எங்கே போவாள்?

பிறகு உங்கள் வீட்டைப் பாருங்கள். பகலில் எந்த இடத்தில் படிக்க வெளிச்சம் இருக்கிறது, அங்கே இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த அறையை வரையத் தெரிந்தவர்கள் வரையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். இரண்டும் தெரியாதவர்கள் முதலில் அந்த நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போடுங்கள்.